கேளுங்கோ, கதைப்பம்

கேள்வி: கனகாலம் கொழும்பு வெள்ளவத்தையில பிளாட்டில இருந்திட்டு இப்பதான் அம்மாவின்ர வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறம். வீடு பெருசு, வெறிச்சோடிக் கிடக்குது. என்ன சாமான் வாங்கிப் போட்டால் நிறைஞ்சு தெரியும்?
– வாசகி, கொக்குவில்

பதில்: தங்கச்சி, ஒரு மாரி முடியும் மட்டும் ஒண்டும் வாங்காதேங்கோ. பிளாட்டில வாசலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக் கதவு, அதால சோபா ஷோகேஸ் எண்டு உள்ளுக்கை நிரப்பத்தான் மனம் சொல்லும். இங்க எங்கட சீவியத்தில பாதி வெளியிலதான், கிணத்தடியிலயும் வேலிக்கரையிலயும் மாமரத்துக்குக் கீழயும். முதல்ல கிணத்தை இறைச்சுத் துப்பரவாக்குங்கோ, குளிக்கிற தண்ணி வாழைக்குப் போற மாதிரி வாய்க்கால் வெட்டிவிடுங்கோ, ஒரு கறிவேப்பிலையும் முருங்கையும் வையுங்கோ, பிறகு பாருங்கோ வீடு வெறுமையாத் தெரியுதோ எண்டு. இன்னொண்டு கெஞ்சிக் கேக்கிறன், முற்றத்தை இன்டர்லொக் கல்லுப் போட்டு மூடிப்போடாதேங்கோ. யாழ்ப்பாணத்தில வருசம் முழுக்க ஓடுற ஆறு இல்லை, பெய்யிற மழை சுண்ணாம்புக்கல்லுக்குள்ள இறங்கி நிண்டுதான் எங்கட கிணறுகளுக்குத் தண்ணி. வடிவுக்கெண்டு வளவு முழுக்க மூடுறவையைப் பாக்க எனக்கு வயிறு எரியுது.

கேள்வி: எனக்குப் படம் கீறச் சரியான விருப்பம். ஆனா நல்ல பெயின்ட், கன்வஸ், படம் கீறுற டப்லெட் எல்லாம் யானை விலை. இதுகள் இல்லாமல் எப்பிடி முன்னுக்கு வாறது?
– மாணவன், திருநெல்வேலி

பதில்: தம்பி, 1990க்குப் பிறகு யுத்தத்துக்க இங்க பொருளாதாரத் தடை இருந்த காலத்தைப் பற்றி வீட்டில பெரியாக்களிட்டக் கேளுங்கோ. கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய் தங்கம் மாதிரி. ஜாம் போத்தலுக்குள்ள கொஞ்சம் பஞ்சைப் போட்டு, அது நனையிற அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, கம்பியில சின்னத் திரியொண்டைத் தாங்க வைச்சு அந்த வெளிச்சத்திலதான் பிள்ளையள் சோதினைக்குப் படிச்சவை. சைக்கிளைக் கவிட்டு வைச்சுப் பெடலைக் கையால சுத்தி டைனமோ கரண்டில ரேடியோ கேட்டவை, சவுக்காரம் இல்லாத நேரம் பனம்பழக் களியால உடுப்புத் தோய்ச்சவை, செய்திப் பேப்பர்கூடக் கொப்பித் தாளில அச்சடிச்சு வந்தது. அந்தக் காலம் திரும்பி வரவே வேண்டாம், மருந்தில்லாமல் ஆக்கள் பட்ட பாட்டை நினைச்சால் அதில கொண்டாட ஒண்டுமில்லை. ஆனா கையில கிடக்கிறதை வடிவாப் பாத்து இதால என்ன செய்யலாம் எண்டு யோசிக்கிற பழக்கம் இருக்குதே, கலைக்கு அதுதான் முக்கியம். அடுப்புக் கரிக்கட்டையும் போன வருசக் கலண்டரின்ர பின்பக்கமும் போதும். ஒரு பனையை மட்டும் காலமை, மத்தியானம், பின்னேரம் எண்டு கீறிப் பாருங்கோ, கருக்குமட்டையில வெளிச்சம் விழுற விதம் ஒவ்வொருக்காலும் வேற. பெயின்ட் பிறகு வாங்கலாம்.

கேள்வி: நல்லூர்த் திருவிழா வந்தால் கடையளைப் பாத்துக் கை நிக்குதில்லை. என்ன செய்ய?
– வாசகி, கோண்டாவில்

பதில்: திருவிழா 25 நாள். முதல் நாளே வாங்காமல் சுத்திப் பாருங்கோ, கடைசிக் கிழமையிலயும் மனம் கேட்டால் வாங்குங்கோ. பிள்ளையளுக்கு ஐஸ்கிறீமை மறுக்காதேங்கோ. எனக்கெண்டால் பனையோலைச் சாமான்தான். புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி வாங்கேக்க வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாருங்கோ, பின்னல் நெருக்கமா இருக்கவேணும், இல்லாட்டிப் புட்டுமா கொட்டுண்டு போகும். பாவிச்சாப் பிறகு கழுவி வெயில்ல காயவிட்டுப் புகை படுற இடத்தில கொழுவினால் பூஞ்சணம் பிடியாது. போகேக்க வீட்டில இருந்து ஒரு பையும் கொண்டு போங்கோ. சோத்துப் பார்சல் சுத்துற பொலித்தீன் லஞ்ச் சீற்றுக்கும் மெல்லிசுச் சொப்பின் பாக்குக்கும் 2017 செப்டெம்பரிலயே தடை வந்திட்டுது, ஆனா கேக்க முதலே பாக்கில போட்டுத் தாற கடையள் இன்னும் இருக்குது.

கேள்வி: கனடாவில இருந்து ஆவணியில ஊருக்கு வாறம். என்ன கொண்டு வர?
– வாசகர், டொரொண்டோ

பதில்: சொக்லேட்டும் சென்ரும் இங்க எல்லாக் கடையிலயும் கிடக்குது, சூட்கேசைப் பாதி வெறுமையாவே கொண்டு வாங்கோ. ஆவணி எண்டால் பனம்பழம் விழுற காலம், பனம்பழக் களியைக் காயவைச்சுச் செய்யிற பனாட்டுப் பாயில காயுறதைப் பிள்ளையளுக்குக் காட்டலாம். போகேக்க அதிலயும், காயவைச்ச பனங்கிழங்கை இடிச்ச ஒடியல் மாவிலயும் கொஞ்சம் கொண்டுபோங்கோ, மா அங்க பனிக்குள்ள கூழ் காய்ச்ச உதவும்.