இரு டூலாக்களில் யாரைத் தேர்ந்தெடுப்பது?

சகோதரி, கர்ப்பத்தின் 34ஆம் வாரத்தில் இரு டூலாக்களை (பிரசவத்தின்போது உடனிருக்கும் துணைப் பெண்களை) சந்தித்ததாகவும், அனுபவம் மிக்கவர் ஓயாமல் பேசிக் களைப்பூட்டியதாகவும், ஆனாலும் மாமியார் அவரையே வற்புறுத்துவதாகவும் எழுதியிருந்தீர்கள். என் கருத்தில் அமைதியான இளையவரே உங்களுக்குப் பொருத்தமானவர். டூலா மருத்துவப் பரிசோதனை எதுவும் செய்வதில்லை. உடனிருந்து தெம்பூட்டுவதே அவர் வேலை. 15,000க்கும் மேற்பட்ட பெண்களை உள்ளடக்கிய 2017ஆம் ஆண்டின் காக்ரேன் மீளாய்வு (பல ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்து ஆராய்வது), பிரசவத்தின்போது ஒருவர் தொடர்ந்து துணையிருந்தால் சிசேரியனுக்கான வாய்ப்பு குறையக்கூடும் என்கிறது.

என் பிரசவத்தில் டூலா இடுப்பை அழுத்திவிடும் முன் ஒவ்வொரு முறையும் “தொடலாமா?” என்று மெல்லக் கேட்டார், நான் கையைத் தட்டிவிட்டபோதும் முகம் சுளிக்காமல் சற்றுத் தள்ளி அமர்ந்துகொண்டார். (என் கணவருக்கு அன்று அத்தனை பொறுமை இல்லை.) ஆகவே, நீங்கள் ‘வேண்டாம்’ என்றால் என்ன செய்வார், எபிடியூரல் (முதுகில் செலுத்தும் வலிநீக்க மருந்து) கேட்டால் மனத்தைக் கலைப்பாரா என்று அந்த இளைய டூலாவிடம் விசாரியுங்கள். நீங்கள் பட்டர்வொர்த்தில் இருந்துகொண்டு பினாங்குத் தீவிலுள்ள மருத்துவமனையில் பதிந்திருப்பதால், மாலை நெரிசலில் பினாங்குப் பாலத்தைக் கடந்து வர முடியுமா, முடியாவிட்டால் மாற்றாக யார் வருவார் என்பதையும் கேளுங்கள். பிரசவ அறையில் கணவருடன் டூலாவையும் அனுமதிப்பார்களா என்பதை மருத்துவமனையில் உறுதிப்படுத்திய பிறகே முன்பணம் கொடுங்கள்.

மாமியாரிடம், பத்தியச் சமையல் முழுவதும் அவர் பொறுப்பே என்று சொல்லிப் பாருங்கள்.