இங்கிலாந்தில் பிறந்த கால்பந்து கோல்கீப்பர் பிலிப்பைன்ஸுக்கு ஆடியது எப்படி?

நீல் எதரிட்ஜைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். 1990-இல் லண்டனில் பிறந்தவர். அப்பா ஆங்கிலேயர், அம்மா பிலிப்பைன்ஸ்காரர். இதைத்தான் இரட்டைப் பூர்வீகம் என்கிறோம்: அப்பா வழியில் ஒரு நாடு, அம்மா வழியில் இன்னொன்று. சின்ன வயதில் இங்கிலாந்தின் 16 வயதுக்குட்பட்டோர் அணியில் ஆடியவர், 2008-இல் பிலிப்பைன்ஸ் அணிக்குப் போனார். இளையோர் அணியில் ஆடியது மட்டுமே யாரையும் ஒரு நாட்டோடு கட்டிப்போடாது.

கோல்கீப்பருக்கு இந்த வாய்ப்பு பெரிது. பஸ்ஸில் எத்தனை பேர் ஏறினாலும் டிரைவர் சீட் ஒன்றுதானே? இரண்டாவது கீப்பர் வருஷக்கணக்கில் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார்.

எதரிட்ஜும் செல்சி, ஃபுல்ஹாம் என்று லண்டன் கிளப்புகளில் காத்திருந்து, கீழ்ப் பிரிவுகளில் அலைந்து, 2017-இல் கார்டிஃப் கிளப்பில் சேர்ந்தார். மறு வருஷமே அணி இங்கிலாந்தின் முதல் பிரிவான பிரீமியர் லீக்குக்கு ஏறியது. முதல் இரண்டு ஆட்டத்திலும் பெனால்டியைத் தடுத்தார். நியூகாசிலுக்கு எதிரானது ஆட்டத்தின் கடைசி நிமிஷங்களில் வந்தது. அந்த அணியின் கெனடி அடித்த பந்தை அவர் தடுத்துவிட்டார். 0-0. அந்த லீக்கில் ஆடிய முதல் பிலிப்பைன்ஸ் வீரரும் அவர்தான்.

வேறு நாட்டுக்கு ஆடினால் இங்கிலாந்து கிளப்பில் இடமில்லை என்று பலர் நினைக்கிறார்கள்; கிளப் என்பது சம்பள வேலை, நாட்டணி தனிக் கணக்கு.