ஜிபே, போன்பே வந்த பிறகு உங்கள் வாழ்க்கையில் சத்தமில்லாமல் காணாமல் போன ஒன்று எது?

மீதிச் சில்லறை. அதிலும் குறிப்பாக, கடைக்குப் போய்விட்டு வந்த பையன் கையில் ஒட்டிக்கொண்டு நிற்குமே, அந்த மீதி.

நான் கோவில்பட்டிக்காரன். பிறந்தது 1987-ல். எங்கள் தெருவில் என் வயதுப் பையன்களுக்கு இரண்டு வேலைகள்தான். பள்ளிக்கூடம் போவது, கடைக்குப் போவது. இரண்டாவதற்கு மட்டும் சம்பளம் உண்டு. அம்மா அடுப்படியில் இருந்தபடியே "ஏலே, கால் கிலோ துவரம்பருப்பு, நூறு கடுகு, ஒரு தீப்பெட்டி, ஓடிப்போய் வாங்கிட்டு வா" என்பாள். அரிசி டப்பாவுக்குள் கைவிட்டு ஒரு இருபது ரூபாய்த் தாளை எடுத்துத் தருவாள். தாளோடு நாலு அரிசியும் வரும். நான் கிளம்பும்போதே மனசுக்குள் கழித்தல் கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். கணக்குப் பாடத்தில் நான் சுமார்தான். இந்தக் கணக்கில் மட்டும் ஒரு நாளும் தப்பியதில்லை.

ரூபாய் மீதியை அப்படியே அம்மா கையில் கொடுத்துவிட வேண்டும். அதில் கை வைத்தால் முதுகு பழுத்துவிடும். ஆனால் காசு மீதி வேறு கதை. ஐம்பது காசு, இருபத்தைந்து காசு இதெல்லாம் யாருடையது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. "மீதி எங்கல?" என்று கேட்டால் என்னிடம் ஒரே பதில்தான் இருக்கும். "அண்ணாச்சி சில்லறை இல்லேன்னு மிட்டாய் கொடுத்துட்டாரு."

பாதி நாள் இது உண்மை. மீதி நாள் நானே கேட்டு வாங்கியது. இரண்டையும் பிரித்துச் சொல்ல அம்மாவிடம் வழியில்லை. ஒருநாள் கோயிலுக்குப் போகிற வழியில் சந்தேகத்தில் கடையிலேயே கேட்டுவிட்டாள். "ஏன் அண்ணாச்சி, எப்பப் பார்த்தாலுமா உங்ககிட்டச் சில்லறை இருக்காது?" நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அண்ணாச்சி என்னை ஒரு பார்வை பார்த்தார். கல்லாவை இழுத்து, காசுகள் குலுங்கக் குலுங்க உள்ளே கையை விட்டுத் துழாவினார். "எங்கம்மா இருக்கு சில்லறை!" என்றார். அம்மாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. சிரித்தபடி நடந்துவிட்டாள்.

மற்ற ஊர்களில் சில்லறைக்குப் பதிலாகச் சாக்லேட் தருவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் ஊரில் கடலை மிட்டாய், அல்லது தீப்பெட்டி. இரண்டுமே ஊரில் விளைகிற சரக்கு என்றே சொல்லலாம். சுற்றிலும் கரிசல் பூமி, வானம் பார்த்த விவசாயம். மழை பொய்த்த வருஷங்களில் சோறு போட்டது தீப்பெட்டி ஆபீஸ்தான். எங்கள் பக்கம் தொழிற்சாலை என்று சொல்ல மாட்டோம், ஆபீஸ்தான். "எங்க அக்கா ஆபீஸுக்குப் போறா" என்று யாராவது சொன்னால் மேஜை நாற்காலியைக் கற்பனை செய்யக் கூடாது.

கடலை மிட்டாயைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் பதில் அதிலேயே முடிந்துவிடும். ஆனாலும் கொஞ்சம் சொல்கிறேன். எங்கள் தெருமுனையில் ஒரு மிட்டாய்ப் பட்டறை இருந்தது. கடலையை வறுத்துத் தோல் நீக்கி, பருப்பை இரண்டாக உடைத்து வைத்திருப்பார்கள். வெல்லப்பாகு கொதிக்கும். பதம் பார்க்கிறவர் பாகில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் விட்டு, உருட்டி, ஒடித்துப் பார்ப்பார். 'டக்'கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் அடுப்பு எரிய வேண்டும். பதம் வந்ததும் கடலையைக் கொட்டிக் கிளறி, மரத்தட்டில் பரப்பி, சூடு ஆறுவதற்குள் உருளையால் தேய்த்து, அளவு வைத்து வெட்டுவார்கள். மேலே சிவப்பும் பச்சையுமாகச் சாயம் போட்ட தேங்காய்ப்பூ தூவுவார்கள். அந்தத் தேங்காய்ப்பூ இல்லாத மிட்டாயை நாங்கள் வெளியூர் மிட்டாய் என்போம். 2020-ல் கோவில்பட்டி கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே சந்தோஷப்பட்டது. எனக்கு மட்டும் கொஞ்சம் கூச்சம். இருபத்தைந்து காசுக்கு ஈடாக வாங்கித் தின்ற பண்டம் இவ்வளவு பெரிய ஆளாகிவிட்டதே என்று.

தீப்பெட்டி மீதியாக வந்தால் அதற்கு இரண்டு பயன்கள். பெட்டி வீட்டுக்கு, படம் எனக்கு. பெட்டி மேலே ஒட்டியிருக்கும் படத்தைக் கிழியாமல் பிரித்தெடுப்பது ஒரு கலை. எச்சில் தொட்டு ஊற வைத்து, ஓரத்தில் நகத்தால் நெம்ப வேண்டும். தரையில் வட்டம் போட்டு, நடுவில் ஆளுக்கு இத்தனை படம் என்று அடுக்கி, தூரத்துக் கோட்டில் நின்று சில்லை எறிய வேண்டும். வட்டத்தை விட்டு வெளியே வந்த படம் எறிந்தவனுக்கு. அரிதான படத்துக்கு மதிப்பு அதிகம். வெளியூர் போய்வந்த மாமா கொண்டுவந்த பெட்டியில் இருந்த படம் எங்கள் ஊர்ப் படம் இருபதுக்குச் சமம்.

இந்தப் பொருளாதாரம் ஒரே வாரத்தில் கவிழ்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். எங்கள் கூட்டத்தில் ஒருத்தனின் அம்மா ஆபீஸில் லேபிள் ஒட்டுகிற வேலை பார்த்தாள். கோடை விடுமுறையில் அவன் ஒட்டாத புது லேபிள் கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். நூற்றுக்கணக்கில், மடிப்புக்கூட விழாமல். முதல் நாள் அவன்தான் ராஜா. மூன்றாம் நாள் தெருவில் எல்லாரிடமும் கட்டுக் கட்டாகப் படம். ஐந்தாம் நாள் குனிந்து எடுக்கக்கூட ஆளில்லை, காற்றில் பறந்து சாக்கடையில் கிடந்தது. பல வருஷம் கழித்துக் கல்லூரியில் பணவீக்கம் என்று பாடம் நடத்தினார்கள். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

படம் செத்த பிறகு நாங்கள் ஹாக்கிக்குப் போனோம். எங்கள் ஊரில் ஹாக்கி என்றால் தனி மரியாதை. மட்டை வாங்கக் காசில்லாதவன் நுனி வளைந்த கருவேலங்கம்பை வெட்டிக்கொண்டு வருவான். அதிலும் காசு சேர்ந்தவர்கள் ஒரு கட்டத்தில் வீடியோ கேம் கடைக்கு நகர்ந்தோம். அரை மணிக்கு மூன்று ரூபாய். கேசட்டைக் கழற்றி அடியில் 'ஃபூ' என்று ஊதிவிட்டு மறுபடி செருக வேண்டும். மரியோ ஓடும்போது கரண்ட் போனால் கடைக்காரரோடு சண்டை. மீதி நேரம் பாக்கி என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பார். மூன்று ரூபாய் என்றால் என்ன என்று நினைக்கிறீர்கள்? ஆறு ஐம்பது காசு. ஆறு தடவை கடைக்கு ஓட வேண்டும். அந்த வாரம் முழுக்க நான் அம்மாவிடம் "கடைக்குப் போகணுமாம்மா?" என்று தானாகவே கேட்பேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள், காய்ச்சலா என்று.

இதெல்லாம் ஒரே நாளில் போகவில்லை. இருபத்தைந்து காசும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூனோடு செல்லாமல் போயின. ஐம்பது காசு இன்றைக்கும் செல்லும், ஆனால் கொடுத்துப் பாருங்கள், வாங்குகிறவர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். பத்து ரூபாய் நாணயத்தை எங்கள் பக்கம் பல கடைகளில் வாங்கவே மாட்டேன் என்றார்கள். பதினான்கு வகை வடிவமும் செல்லும் என்று ரிசர்வ் வங்கியே 2018-ல் சொல்ல வேண்டியிருந்தது. யுபிஐ 2016-ல் வந்தது. அந்த நவம்பரில் ஐந்நூறும் ஆயிரமும் செல்லாமல் போனபோது அண்ணாச்சி கடையில் அது இல்லை. இரண்டு மூன்று வருஷம் கழித்துத்தான் அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டம் வந்து ஒட்டிக்கொண்டது. சாமி படத்துக்குக் கீழே, ஊதுபத்தி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில்.

இப்போது அறுபத்து மூன்று ரூபாய் என்றால் அறுபத்து மூன்றுதான் போகிறது. மீதி என்கிற சங்கதியே கணக்கில் கிடையாது.

அண்ணாச்சியிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவருக்கு என் சோகம் கொஞ்சமும் பிடிபடவில்லை. "சில்லறைக்கு நான் அலைஞ்ச அலைச்சல் ஒனக்கு என்ன தெரியும்? கமிஷன் கொடுத்துல்ல காசு வாங்கி வச்சேன்" என்றார். அவர் பக்கம் நியாயம்தான். பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட்டின் பின்னால் பாக்கியை எழுதிக் கொடுத்துவிட்டு, இறங்கும்போது இரண்டு பேருக்குச் சேர்த்து ஒரு பத்து ரூபாயை நீட்டி "பிரிச்சிக்கிடுங்க" என்று அனுப்பிவிடுவாரே, அந்தக் காலம் திரும்பி வர வேண்டும் என்று நானும் கேட்கவில்லை. முன்பின் தெரியாத ஆளோடு ஐந்து ரூபாய்க்காக டீக்கடை வரை நடந்திருக்கிறேன்.

எனக்கு ஒரு பையன், பத்து வயது. என் மனைவி கடைக்குப் போன் போட்டுச் சாமான் சொல்லிவிடுவாள், பணத்தையும் போட்டுவிடுவாள். இவன் போய்ப் பையை வாங்கிக்கொண்டு வர வேண்டும், அவ்வளவுதான். ரொம்ப நாள் போய்வந்தான். ஒருநாள் வாசலிலேயே நின்றுகொண்டான்.

"நான் எதுக்குப் போகணும்? எனக்கு என்ன கிடைக்குது?"

எனக்குச் சுரீரென்றது. அந்தக் கேள்வியை நான் ஒருநாளும் என் அம்மாவிடம் கேட்டதில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை. பதில் டவுசர் பையில் இருந்தது.

பேச்சுவார்த்தை நடந்தது. ஒரு தடவைக்கு இரண்டு ரூபாய் என்று முடிவானது. ரொக்கம் வீட்டில் இல்லை. அதனால் பழைய நோட்டு ஒன்றில் பென்சிலால் எழுத ஆரம்பித்தான். 'அம்மா தர வேண்டியது' என்று தலைப்பு. தேதி, சாமான், 2. தேதி, சாமான், 2. நாற்பத்தாறு வரை வந்திருந்தபோது நான் அந்த நோட்டைப் பார்த்தேன். என்ன வாங்கப் போகிறாய் என்றேன். போனில் விளையாடுகிற ஏதோ ஒரு விளையாட்டில் டைமண்ட் வாங்க வேண்டுமாம். நோட்டில் இருக்கிற காசு, போனில் இருக்கிற வைரம். வாயில் போட்டுக் கடிக்க ஒன்றுமில்லை. இதை மனைவியிடம் சொன்னேன். "நீங்க கேசட்டுக்குள்ள ஊதுனதுக்குக் கொடுத்த காசு மட்டும் வயித்துக்கா போச்சு?" என்றாள். பதில் இல்லை.

போன மாதம் ஒரு சாயங்காலம் நெட்வொர்க் சுத்தமாகப் படுத்துவிட்டது. கடைவாசலில் பத்துப் பேர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி நின்றோம், மழைக்குக் காத்திருக்கிற மாதிரி. நான் வீட்டுக்கு வந்து ஆச்சியின் பழைய சுருக்குப்பையைத் தேடி எடுத்தேன். ஆச்சி போய் ஆறு வருஷம் ஆகிறது. பையில் இன்னும் வெற்றிலை வாசம். மடித்த ஐம்பது ரூபாய்த் தாள் ஒன்று, கொஞ்சம் செல்லாக்காசு. தாளைப் பையன் கையில் கொடுத்து, "முட்டை அஞ்சு, ஒரு சின்னத் தயிர், கணக்குப் பார்த்து மீதி வாங்கிட்டு வா" என்று அனுப்பிவிட்டு, பின்னாலேயே போய்த் தள்ளி நின்று பார்த்தேன்.

அண்ணாச்சி தாளை வாங்கித் தடவிப் பார்த்தார். கல்லாவை இழுத்தார். இந்தத் தடவை நிஜமாகவே உள்ளே ஒன்றுமில்லை. அதிலிருந்து ஒரு பழைய கால்குலேட்டரையும் பேனாவையும் எடுத்து வெளியே வைத்துவிட்டுத் தேடினார். அப்புறம் பின்னால் திரும்பி ஒரு தீப்பெட்டியை எடுத்தார், கண்ணாடி ஜாடியைத் திறந்து இரண்டு கடலை மிட்டாயும் எடுத்து, முட்டைப் பைக்கு மேலே வைத்தார்.

பையன் குழம்பிப்போனான். "இது நாங்க கேக்கலையே அண்ணாச்சி?"

"கேக்கலேன்னா என்ன, மீதிக்கு வச்சிக்கடா."

"மீதின்னா?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். தீப்பெட்டி 2021 டிசம்பரில் இருந்து இரண்டு ரூபாய். நான் ஓடிய காலத்தில் ஐம்பது காசு. அதையெல்லாம் அங்கே வைத்து அவனுக்கு விளக்க எனக்குத் தோன்றவில்லை.

நான் சுற்றுவழியில் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அவன் ஐந்து நிமிஷம் தாமதமாக வந்தான். முட்டை, தயிர், தீப்பெட்டி மூன்றையும் அம்மாவிடம் எடுத்துக் கொடுத்தான்.

"மீதி எங்கடா?" என்றாள் அவள்.

"அண்ணாச்சிகிட்ட சில்லறை இல்லையாம். தீப்பெட்டி கொடுத்துட்டாரு" என்றான். மிட்டாயைப் பற்றிப் பேச்சே இல்லை. மேலுதட்டில் மட்டும் ஒரு துளி சிவப்புத் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது.