ரேஷன் அரிசிக்கு என்ன விலை போடுவது? அரசு உதவியை வீட்டுக் கணக்கில் சேர்ப்பது பற்றிக் கேள்வி பதில்

குடும்ப வரவு செலவு கணக்கெடுப்புகளுக்காகப் பல வருடம் வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பியவன் நான். நலத்திட்டங்களால் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு வருகிறது, அது ஊருக்கு ஊர் எப்படி மாறுகிறது என்று நீங்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: சார், 2023-24 தேசியக் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில் இலவசப் பொருள்களைச் சேர்த்தாலும் கிராமத்தில் தலைக்கு 125 ரூபாய்தான் கூடுகிறது. நலத்திட்டம் என்பது அவ்வளவுதானா?

பதில்: இல்லை. கிராமப்புறத்தில் தலைக்கு மாதச் செலவு 4,122 ரூபாய், இலவசப் பொருள்களுக்கு விலை போட்டுச் சேர்த்தால் 4,247. நகரத்தில் 6,996 என்பது 7,078 ஆகிறது. முதலில், இந்த 125 ரூபாய் எல்லோருக்குமான சராசரி. எதுவுமே வாங்காதவரும் இதில் இருக்கிறார். நாலு பேர் உள்ள வீடு என்றால் மாதம் 500 ரூபாய். அடுத்தது, விலை போடப்படுவது அரிசி, கோதுமை, லேப்டாப், சைக்கிள், பள்ளிச் சீருடை, காலணி போன்ற பொருள்களுக்கு மட்டும்தான். அரசு ஆஸ்பத்திரியில் பார்த்த வைத்தியத்துக்கும், அரசுப் பள்ளியில் படித்த படிப்புக்கும் விலை போடுவதில்லை.

எனக்கு மனசு கேட்காத இடம் மூன்றாவது. தமிழ்நாட்டு ரேஷன் கடையில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். இவை இலவசம் இல்லை என்பதால், கொடுத்த காசு மட்டுமே செலவாகப் பதிவாகும். வெளிக்கடை விலைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்த உதவிதான். ஆனால் அந்த 125-இல் அது இல்லை. மானிய விலைப் பொருள் அதிகம் கொடுக்கும் மாநிலத்தின் உதவி இதனால் குறைவாகத் தெரியும்.

கேள்வி: இலவச அரிசிக்கு எந்த விலையைப் போடுகிறார்கள்?

பதில்: இரண்டு வழி உண்டு. அந்த மாநிலத்தில் பெரும்பாலோர் கொடுத்த விலை ஒன்று. விலைகளை ஏறுவரிசையில் வைத்தால் கால்பங்கு இடத்தில் நிற்கும் விலை இன்னொன்று. கிராமத்துக்கும் நகரத்துக்கும் தனித்தனியாகப் பார்ப்பார்கள். ஒன்றை மறக்கக் கூடாது: கணக்கில் வருவது சாப்பிட்ட அரிசி, வாங்கிய அரிசி அல்ல. 20 கிலோ வாங்கி 8 கிலோ கோழிக்குப் போட்டிருந்தால் 12 கிலோதான் எழுத வேண்டும்.

கேள்வி: அண்ணா, மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் எங்கே வரும்?

பதில்: செலவுக் கணக்கெடுப்பில் அதற்கென்று விலை போடுவதில்லை. அந்தப் பணத்தில் மளிகை வாங்கினால் மளிகைச் செலவாகவே தெரியும். வருமானம் கேட்கும் படிவத்தில்தான் அதற்குத் தனிக் கட்டம் உண்டு.

கேள்வி: நூறு நாள் வேலைச் சம்பளம் அரசு உதவியா?

பதில்: வெயிலில் நின்று மண் வெட்டி வாங்கியது, கூலி. ஆனாலும் தனிக் கட்டத்தில் எழுதுங்கள். வேறு மாதிரி கணக்குப் போட நினைப்பவர் பிரித்தெடுக்க வசதியாக இருக்கும்.

கேள்வி: மத்திய அரசு ஒதுக்கீட்டை மக்கள்தொகையால் வகுத்தால் மாநில வாரியாகக் கிடைத்துவிடாதா?

பதில்: முதியோர் பென்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் பங்கு 60 முதல் 79 வயது வரை 200 ரூபாய், 80 வயது முதல் 500. மீதியை மாநிலம் போடுகிறது. அதனால்தான் 2024 ஜூலையில் ஆந்திராவில் 4,000, தெலங்கானாவில் 2,016, தமிழ்நாட்டில் 1,200 என்று இருந்தது. மத்திய ஒதுக்கீட்டை மட்டும் வகுத்தால் இந்த வித்தியாசம் முழுக்கக் காணாமல் போகும்.

கேள்வி: கல்லூரி ப்ராஜெக்டுக்காக எங்கள் மாவட்டத்தில் இரண்டு ஒன்றியங்களை ஒப்பிடப் போகிறேன். எப்படிக் கேட்பது, சார்?

பதில்: நல்ல வேலை தம்பி, அவசரப்படாமல் செய்யுங்கள். "அரசாங்கத்திலிருந்து எவ்வளவு வருகிறது?" என்று மொத்தமாகக் கேட்டால் "ஒண்ணும் வரல" என்றுதான் பதில் வரும். அவர்கள் பொய் சொல்லவில்லை. ரேஷனையும் சத்துணவையும் யாரும் வரவு என்று நினைப்பதில்லை. அதனால் ஒவ்வொரு திட்டமாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். பென்ஷன், உரிமைத் தொகை, கேஸ் மானியம் எல்லாவற்றுக்கும், காட்டச் சம்மதித்தால், பாஸ்புக்கைப் பார்த்து எழுதுங்கள். மாதாமாதம் வருவதற்கு 30 நாள், சீருடை, பொங்கல் பரிசு போல வருடத்துக்கு ஒருமுறை வருவதற்கு 365 நாள் என்று கேட்டு, பிறகு ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். கிடைக்கவில்லை என்றால் 0 எழுதுங்கள், கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். காலியாக விட்டால், பிறகு பார்க்கும்போது கேட்கவே இல்லையா, கிடைக்கவில்லையா என்று தெரியாது.

சராசரியும் இரண்டு போடுங்கள்: எல்லா வீடுகளுக்கும் ஒன்று, உதவி பெற்ற வீடுகளுக்கு மட்டும் ஒன்று. ஓர் ஒன்றியத்தில் தொகை குறைவா, அல்லது பலருக்குப் போய்ச் சேரவே இல்லையா என்பது அப்போதுதான் தெரியும். இரண்டாவதுதான் காரணம் என்றால், விடுபட்ட வீடுகளுக்குத் திரும்பப் போய் விண்ணப்பம் எங்கே நின்றது என்று கேட்டு, அதையும் அறிக்கையில் எழுதுங்கள்.