வேளச்சேரி ஃபிளாட்டுக்கு யார் வரி கட்டுவது?

கேள்வி: நான் சிங்கப்பூர் நிரந்தரவாசி, யீஷூனில் வாடகைக்கு இருக்கிறேன். சென்னை வேளச்சேரியில் என் பெயரில் ஒரு ஃபிளாட் உள்ளது. மாத வாடகை 30,000 ரூபாய் அப்பாவின் கணக்கில் விழுகிறது. சொத்து வரி, மெயின்டனன்ஸ் எல்லாம் அவரே கட்டிவிடுகிறார். "12 லட்சம் வரை வரியே கிடையாது, விடு" என்கிறார் மைத்துனர். சிங்கப்பூரில் வரி கட்ட வேண்டுமா? அடுத்த ஆண்டு மறுவிற்பனை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வாங்கும் எண்ணமும் இருக்கிறது.

பதில்: இங்கே வரி இல்லை. வெளிநாட்டிலிருந்து தனிநபர் கொண்டுவரும் வாடகைக்கு 2004 முதல் சிங்கப்பூர் வரி கேட்பதில்லை. சொத்து வரியும் இங்குள்ள சொத்துக்கு மட்டும்தான். ஆக, உங்கள் கணக்கு முழுக்க இந்தியாவோடுதான்.

மைத்துனர் சொன்ன 12 லட்சச் சலுகை இந்தியாவில் வசிப்பவர்களுக்கு. உங்களுக்குப் புதிய வரி முறையில் 4 லட்சம்தான் வரம்பு. ஆனாலும் பயப்பட வேண்டாம். ஆண்டு வாடகை 3,60,000. மாநகராட்சிச் சொத்து வரி 10,000 என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 3,50,000. அதில் 30 சதவீதத்தைச் சட்டமே கழித்துவிடுகிறது. 2,45,000 நிற்கும், வேறு இந்திய வருமானம் இல்லையென்றால் வரி பூஜ்யம். அந்த 30 சதவீதத்துக்குள்ளேயே மெயின்டனன்ஸ், பெயின்ட், மோட்டார் ரிப்பேர் எல்லாம் அடக்கம். பில்லை எடுத்துவைத்துத் தனியாகக் கழிக்கலாம் என்று நினைக்காதீர்கள். சொத்து வரி மட்டும் தனி; அதுவும் எந்த ஆண்டு உங்கள் பணத்தில் கட்டினீர்களோ அந்த ஆண்டில்தான் கழியும். ரசீது முக்கியம். ஏப்ரல் 30, அக்டோபர் 31 தேதிகளுக்குள் கட்டினால் மாநகராட்சி 5 சதவீதம் தள்ளுபடி தருகிறது, அதிகபட்சம் 5,000 ரூபாய்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வெளிநாட்டில் வசிக்கும் உரிமையாளருக்கு வாடகை கொடுப்பவர், தொகை எவ்வளவு குறைவாக இருந்தாலும், 31.2 சதவீதம் டிடிஎஸ் (வாடகையிலேயே பிடிக்கும் வருமான வரி) பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். உங்கள் விஷயத்தில் மாதம் 9,360 ரூபாய். அதற்கு அவர் டான் எண் (வரி பிடிப்பவருக்கான பதிவு எண்) வேறு வாங்க வேண்டும். குடித்தனக்காரர் முகம் சுளிப்பார். பிடிக்காவிட்டால் மாட்டுவது முதலில் அவர்தான். குறைந்த விகிதத்தில் பிடிக்கச் சொல்லும் சான்றிதழுக்கு வருமான வரித் துறையில் நீங்கள் விண்ணப்பிக்கலாம். இல்லையேல் ஜூலை 31-க்குள் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறுங்கள். அப்பா கணக்கில் விழுந்தாலும் வருமானம் உங்களுடையதுதான். உங்கள் பெயரில் என்ஆர்ஓ கணக்கு (வெளிநாட்டில் வசிப்பவர் தன் இந்திய வருமானத்தைப் போடும் வங்கிக் கணக்கு) திறந்து வாடகையை அதில் வாங்குங்கள். வரி போக மீதியை ஆடிட்டர் சான்றோடு சிங்கப்பூருக்கு அனுப்பவும் அதுதான் வழி. கடந்த ஆண்டுகளின் கணக்கையும் ஆடிட்டரிடம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, வீவக வீட்டுக்கு வருவோம். எனக்குக் கவலை இதில்தான். நிரந்தரவாசி ஒருவர் வீவக வீட்டையும் வெளிநாட்டில் தனியார் குடியிருப்பையும் சேர்த்து வைத்திருக்க முடியாது. வேளச்சேரி ஃபிளாட்டும் அந்தக் கணக்கில் வரும். ஹெச்எஃப்இ கடிதத்துக்கு (வீவக வீடு வாங்கும் தகுதியைச் சொல்லும் கடிதம்) விண்ணப்பிக்கும்போது அதை மறைக்காமல் எழுதுங்கள். எப்போது விற்க வேண்டும், விற்ற பிறகு காத்திருக்க வேண்டுமா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வீவகவிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெயரளவில் அப்பாவுக்கு மாற்றிவிட்டு வாடகையை நீங்களே வாங்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.