மருந்து கலந்த கோதுமை ஏன் பிந்தி முளைத்தது?

கேள்வி: ஓசூர் பக்கம் அரை ஏக்கரில் குட்டை ரகக் கோதுமை விதைத்தேன். பாதி விதைக்கு டெபுகோனசோல் 2% பொடியை கிலோவுக்கு 2 கிராம் கலந்தேன். அந்தப் பாதி நான்கு நாள் பிந்தி முளைத்து, குட்டையாக நிற்கிறது. மருந்து போலியா? கலைத்துவிட்டு மறுபடி விதைக்கலாமா?

பதில்: கலைக்க வேண்டாம். போலியாக இருந்தால் இப்படிக் குட்டையாகியிருக்காது.

டெபுகோனசோல் ட்ரையசோல் வகைப் பூஞ்சணக்கொல்லி. பூஞ்சணத்தை அடக்குவதோடு, பயிருக்குள் ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஹார்மோன் சுரப்பதையும் சற்று மட்டுப்படுத்தும். தண்டை நீளச் செய்வது ஜிப்ரலின்தான். நீங்கள் போட்டதோ இரண்டு மடங்கு அளவு. கிலோவுக்கு 1 கிராம் போதும்.

ஒரு நாற்றை மண்ணோடு தோண்டிப் பாருங்கள். விதையிலிருந்து வெள்ளைக் குழாய் போல ஒன்று மேலே வரும். அதுதான் முளையுறை, முதல் இலையை மண்ணைத் துளைத்துக் கொண்டு வருவது அதன் வேலை. குட்டை ரகங்களில் அதன் நீளமே குறைவு. மருந்து அதை இன்னும் குறுக்கும், மண் சூடாக இருந்தாலும் குறுகும். விதை 8 செ.மீ. ஆழத்தில் கிடந்து உறை 5 செ.மீ.யில் நின்றுவிட்டால், இலை மண்ணுக்குள்ளேயே விரிந்து, விசிறி மடிப்பு போலக் கசங்கிவிடும். முளைக்காத இடத்தில் கிளறினால் அப்படிச் சில அகப்படும். ஏர் பின்னால் விதைத்திருந்தால் ஆழம்தான் முக்கியக் குற்றவாளி என்பேன்.

வெளியே வந்துவிட்ட நாற்றைப் பற்றிக் கவலை வேண்டாம். இந்தக் குட்டைத்தனம் பெரும்பாலும் தூர் கட்டும்போது சரியாகிவிடும். விதைத்த 20, 25 நாளில் முடிவேர் (தண்டின் அடியிலிருந்து கிளம்பும் நிலையான வேர்) இறங்கும் தருணத்துத் தண்ணீரை மட்டும் தவற விடாதீர்கள்.

அடுத்த முறை 4, 5 செ.மீ. ஆழத்துக்கு மேல் போகாதீர்கள். மருந்தே வேண்டாம் என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். கதிரைக் கரும்பொடியாக்கும் கரிப்பூட்டை நோய்ப் பூஞ்சணம் விதையின் கருவுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். ஊடுருவிப் பாயும் மருந்துதான் அதை எட்டும். ஆழ விதைப்பு தவிர்க்க முடியாது என்றால் கார்பாக்சின் பாருங்கள், அது ட்ரையசோல் வகை அல்ல.

விதைக்கும் முன் ஈரத்துணியில் முளைப்பு பார்த்தால் இந்தக் கோளாறு தெரியாது. மணல் நிரப்பிய இரண்டு தொட்டியில் ஒன்றில் 4, மற்றதில் 8 செ.மீ. ஆழத்தில் ஊன்றிப் பாருங்கள், பத்து நாளில் தெரிந்துவிடும்.

அப்புறம், மருந்து கலந்த விதை மிச்சம் இருந்தால் கோழிக்குப் போட்டுவிடாதீர்கள்.