வாசகர் கேள்வி-பதில்: நண்பர்கள் குழுவில் எதைச் சொல்வது, யாரிடம் சொல்வது?

இம்மாதம் சிங்கப்பூர் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நட்பைப் பற்றியவை. குறிப்பாக, பூனை, வேலை, பெற்றோரின் உடல்நலம் போன்ற அன்றாடச் சேதிகளை நண்பர்களிடம் சொல்வதில் எழும் சங்கடங்களைப் பற்றிப் பலர் எழுதியிருந்தனர். அவற்றுள் நான்கு கடிதங்களுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளியில் ஒன்றாகப் படித்த தோழியர் சிலர், அறுபது வயதைக் கடந்த பிறகும் வாட்ஸ்அப் குழு ஒன்றில் தொடர்பில் இருக்கிறோம். ஒரு தோழி தன் வீட்டில் வளரும் இரண்டு பூனைகளின் படங்களை நாள்தோறும் காலையில் அனுப்புவாள். அண்மையில் இன்னொரு தோழி, “வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் பூனை வளர்ப்பதே குற்றம், அதைப் படம் பிடித்து வேறு அனுப்புகிறாயா?” என்று கேட்டுவிட்டாள். அன்று முதல் படமும் வரவில்லை, அனுப்பியவளிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. யார் பக்கம் நியாயம்?
– வாசகி, ஈசூன்

பதில்: அதட்டிய தோழி பழைய சட்டத்தைச் சொல்லியிருக்கிறார். வீவக வீடுகளில் பூனை வளர்க்க 1989 முதல் தடை இருந்தது உண்மைதான். அந்தத் தடை 2024 செப்டம்பர் 1ஆம் தேதி விலக்கப்பட்டு, ஒரு வீட்டில் இரண்டு பூனைகள் வரை வளர்க்க அனுமதி வந்துவிட்டது. தனியார் வீடுகளில் பூனை, நாய் இரண்டும் சேர்த்து மூன்று வரை வைத்திருக்கலாம். ஆனால் உரிமம் பெற வேண்டும், பூனைக்கு மைக்ரோசிப் பொருத்த வேண்டும், முதன்முறையாக உரிமம் எடுப்பவர் வளர்ப்புப் பிராணிப் பராமரிப்பு குறித்த இலவச இணையப் பாடத்தை முடிக்க வேண்டும். ஏற்கெனவே பூனை வளர்த்து வந்தவர்களுக்காக வகுக்கப்பட்ட இடைக்காலம் 2026 ஆகஸ்ட் 31ஆம் தேதியோடு முடிவதால், உங்கள் தோழி உரிமம் எடுத்துவிட்டாரா என்பதை மட்டும் அன்போடு கேட்டுக்கொள்ளுங்கள். மாடி வீடு என்றால் சன்னலுக்கு வலை அடிப்பதும் அவசியம். பூனை எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் தப்பிவிடும் என்பதை நம்பிக் கண்மணியைப் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

சட்டம் இருக்கட்டும். நாள்தோறும் பூனைப் படம் அனுப்புகிறவரின் மனத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். பிள்ளைகள் தனிக்குடித்தனம் போன வீட்டில், “நான் எழுந்துவிட்டேன், நலமாக இருக்கிறேன்” என்று தினமும் எழுத யாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். பூனைப் படம் அந்தக் கூச்சத்தை நீக்கிவிடுகிறது. அதற்கு யாரும் பதில் எழுதாவிட்டாலும், வந்ததா இல்லையா என்பதை எல்லாரும் கவனிக்கவே செய்கிறார்கள், நீங்களே கவனித்திருக்கிறீர்களே! ஆகவே குழுவில் சமாதானம் பேசப் போகாதீர்கள், அது இருவரையும் சபையில் நிறுத்துவதாகிவிடும். படம் அனுப்பிய தோழியைத் தனியாக அழைத்து, பூனைகளின் பெயரைச் சொல்லி, அவை என்ன செய்கின்றன என்று கேளுங்கள். அதட்டியவரிடம் சட்டம் மாறிய சேதியை, இதுவும் தனியாகவே, சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 47. பதினொரு ஆண்டுகள் பணிபுரிந்த நிறுவனத்தில் ஆட்குறைப்பு செய்தபோது என்னையும் நிறுத்திவிட்டார்கள். மனைவிக்குத் தெரியும், நண்பர்களுக்குத் தெரியாது. சனிக்கிழமைகளில் சிராங்கூன் சாலையில் சேர்ந்து சாப்பிடும்போது, “வேலையெல்லாம் எப்படி?” என்று கேட்டால், “போய்க்கொண்டிருக்கிறது” என்கிறேன். சந்தேகம் வந்துவிடக்கூடாதே என்று பல நேரங்களில் எல்லாருக்கும் நானே பணம் கட்டுகிறேன். எப்படிச் சொல்வது?
– வாசகர், செங்காங்

பதில்: முதலில் அந்தப் பணம் கட்டுவதை நிறுத்துங்கள். வருமானம் நின்றுபோன நேரத்தில் கௌரவத்துக்காகச் செலவழித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பும்போது, நண்பர்கள்மீதே உங்களுக்குக் கோபம் வரும். அவர்கள் செய்த குற்றம் எதுவும் இல்லை.

எல்லாரிடமும் ஒரே நேரத்தில் அறிவிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. உங்கள் துறையையும் அதில் ஆள் எடுப்பவர்களையும் அறிந்த ஒருவரை முதலில் தேர்ந்தெடுங்கள். வேலை போன சேதியை மட்டும் சொன்னால், கேட்பவர் என்ன செய்வது என்று தெரியாமல், “எல்லாம் நன்மைக்கே” என்று எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்வார் (இந்த வாக்கியத்தால் ஆறுதல் அடைந்தவரை நான் இன்னும் சந்திக்கவில்லை). உங்களுக்கு என்ன வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். “சென்ற மாதம் என் நிறுவனத்தில் ஆட்குறைப்பு செய்தார்கள், நானும் அதில் ஒருவன். இதே துறையில் மேற்பார்வையாளர் பணி தேடுகிறேன். உங்கள் அலுவலகத்தில் இடம் இருந்தால் சொல்லுங்கள். சனிக்கிழமை வழக்கம்போல் வருகிறேன், அவரவர் கணக்கை அவரவர் கட்டிக்கொள்வோம்.” இவ்வளவு போதும். கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள்.

நண்பர்களிடம் பேசுவதற்கு முன்பே நீங்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஆட்குறைப்பு இழப்பீடு தர வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்றாலும், உங்கள் பணி ஒப்பந்தத்தில் அது எழுதப்பட்டிருந்தால் நிறுவனம் கொடுத்தே ஆக வேண்டும். எழுதப்படாவிட்டாலும், இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் பணிபுரிந்தவர் அதைக் கேட்டுப் பேசலாம். பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டு வாரம் முதல் ஒரு மாதம் வரையிலான சம்பளம் என்பது இங்குள்ள வழக்கம். பதினொரு ஆண்டுகள் என்பது சிறிய கணக்கு அல்லவே. மேலும், விருப்பமின்றி வேலை இழந்தவர்களுக்கான அரசாங்கத்தின் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் ஆதரவுத் திட்டம் 2025 ஏப்ரலில் தொடங்கியது. மாதம் சராசரியாக 5,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மிகாமல் சம்பாதித்தவர்கள், வேலை தேடும் முயற்சிகளைத் தொடர்ந்து மேற்கொண்டால், ஆறு மாதங்களில் மொத்தம் 6,000 வெள்ளி வரை பெறலாம். உங்கள் சம்பளம் அந்த வரம்புக்குள் இருந்தால் உடனே விண்ணப்பியுங்கள்.

நீங்கள் சொல்லாமல் தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும், வேறு யாராவது சொல்லி நண்பர்களுக்குத் தெரியவரும் வாய்ப்பு கூடுகிறது. சிங்கப்பூர் சிறிய ஊர்; நம்மவர்களின் வட்டம் அதனினும் சிறியது.

கேள்வி: என் தாயாருக்கு முதுமறதி நோய் என்று மருத்துவர் சொன்னதை நெருங்கிய தோழியிடம் மட்டும் அழுதுகொண்டே சொன்னேன். மறுநாள் அவள் எங்கள் பொதுக் குழுவில், “இவளுடைய அம்மாவுக்காக எல்லாரும் வேண்டிக்கொள்ளுங்கள்” என்று எழுதிவிட்டாள். நல்லெண்ணம்தானே என்கிறார் என் கணவர். எனக்கு ஆறவில்லை.
– வாசகி, தோ பாயோ

பதில்: ஆறாததில் வியப்பில்லை. உங்கள் கணவர் சொல்வதுபோல் நல்லெண்ணம் இருந்திருக்கலாம். ஆனாலும் அந்தச் சேதி உங்கள் தாயாருக்கும் உங்களுக்கும் உரியது, அதை எப்போது, யாரிடம் சொல்வது என்று முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள்தான். தோழியிடம் இதை நேரில் சொல்லுங்கள். “அக்கறையில் செய்தாய் என்று தெரியும், ஆனால் என்னைக் கேட்டிருக்க வேண்டும்” என்று ஒரு முறை சொன்னால் போதும். குழுவில் ஏற்கெனவே பலர் படித்துவிட்ட ஒன்றை அழிக்கச் சொல்வதில் பயனில்லை; அழித்த தடம் இன்னும் அதிகக் கேள்விகளைக் கிளப்பும்.

இனி ஒரு முரணான யோசனை. குழுவில் மறைக்க விரும்பும் இதே சேதியை, நீங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கில் தைரியமாகச் சொல்லியாக வேண்டும். முதுமறதி உள்ளவர்கள் வழி தவறிப் போவதுண்டு. அப்போது உதவுகிறவர்கள் பழைய பள்ளித் தோழிகள் அல்லர். எதிர்வீட்டுக்காரர், கீழ்த்தள மளிகைக் கடைக்காரர், காப்பிக்கடையில் வழக்கமாக உட்காரும் முதியவர்கள் ஆகியோர்தாம். அவர்களிடம் உங்கள் தொலைபேசி எண்ணைக் கொடுத்து வையுங்கள். வழி தவறியவரைக் குடும்பத்தோடு சேர்க்க உதவும் ‘காரா’ செயலியிலும் தாயாரைப் பதிவு செய்யலாம். குளிப்பது, உடுத்துவது, உண்பது போன்ற அன்றாடச் செயல்களில் குறைந்தது மூன்றுக்கு எப்போதும் துணை தேவைப்படும் நிலை வந்தால், வருமான வரம்புக்கு உட்பட்டு இல்லப் பராமரிப்பு மானியமும் கிடைக்கும். ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பை அணுகிக் கேளுங்கள்.

கேள்வி: நண்பரின் நாய் பதினான்கு வயதில் இறந்துவிட்டது. குழுவில் எல்லாரும் அழுகிற முகச் சின்னத்தை அனுப்பிவிட்டார்கள். நானும் அதையே அனுப்புவதா?
– வாசகர், புக்கிட் பாஞ்சாங்

பதில்: வேண்டாம். “வேறொன்று வாங்கிக்கொள்ளலாம்” என்பதும் வேண்டாம். நாயின் பெயரைக் குறிப்பிட்டு, நீங்கள் அதனோடு பழகியதில் நினைவிருக்கும் ஒன்றை இரண்டு வரியில் தனியாக எழுதுங்கள். நாயைத் தகனம் செய்யக் கொடுத்திருந்தால், அஸ்தியை வாங்கி வர உங்கள் காரில் அழைத்துச் செல்வதாகவும் சொல்லலாம். எந்த நாள் உங்களுக்கு ஓய்வு என்பதையும் சேர்த்து எழுதிவிட்டால், அவர் தயங்காமல் சரி என்பார்.